மூன்று பாகை திரும்பிய ஓடுபாதை: சோல் கோபுரம் விட்டுச் சென்ற கேள்விகள்

தென் கொரியத் தலைநகர் சோலின் தென்கிழக்கே, ஹான் ஆற்றை ஒட்டிய ஜாம்சில் பகுதியில் லோட்டே வேர்ல்ட் டவர் நிற்கிறது. 123 மாடிகள், 555 மீட்டர் உயரம். 2017 ஏப்ரல் 3ஆம் தேதி திறக்கப்பட்ட இந்தக் கோபுரம் உலகின் மிக உயரமான கட்டடங்களுள் ஒன்று. தென் கொரியாவில் இதைவிட உயர்ந்த கட்டடம் இல்லை.

இங்கிருந்து தெற்கே சுமார் 6 கிலோமீட்டர் தொலைவில், அண்டை நகரான சொங்நாமில், 'சோல் விமானத் தளம்' என்று அழைக்கப்படும் ராணுவ விமான நிலையம் இருக்கிறது. கொரிய அதிபர் வெளிநாடு செல்வதும் பிற நாட்டுத் தலைவர்கள் சோலுக்கு வந்து இறங்குவதும் பெரும்பாலும் இங்கேதான். வட கொரிய எல்லை சோல் நகரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தூரத்திலேயே இருப்பதால், போர் மூண்டால் தலைநகரின் வாசலாகப் பயன்படக்கூடிய தளம் என்ற முக்கியத்துவமும் இதற்கு உண்டு.

இந்தத் தளத்தில் இரண்டு ஓடுபாதைகள் உள்ளன. அவற்றில் கிழக்குப் புறத்து ஓடுபாதை, கோபுரத்துக்கு வழிவிடுவதற்காகச் சுமார் 3 பாகை திருப்பி அமைக்கப்பட்டது. விமான நிலையத்துக்காகக் கட்டடத்தின் உயரத்தைக் குறைப்பது உலகெங்கும் நடப்பது. கட்டடத்துக்காக ஓர் விமானப்படைத் தளத்தின் ஓடுபாதை திசை மாறியது அரிது.

உயர்ந்த கட்டடம் ஒன்று அருகிலுள்ள விமான நிலையத்தின் பாதுகாப்பைப் பாதிக்குமா என்பது பொறியியல் கேள்வியாகவே பொதுவாகப் பார்க்கப்படுகிறது. அளந்து பார்த்தால் விடை கிடைத்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். சோலில் அதே கட்டடத்தை, அதே இடத்தில், அதே விமானப்படை பல ஆண்டுகள் ஆபத்தானது என்று கூறி வந்தது. பின்னர் ஏறத்தாழ ஓராண்டுக்குள் ஏற்கத்தக்கது என்று கூறியது. இடைப்பட்ட காலத்தில் கோபுரத்தின் உயரம் ஒரு மீட்டர்கூடக் குறையவில்லை.

கணக்கு சொல்வது என்ன?

தரையிறங்க வரும் விமானம் வழக்கமாக 3 பாகை சரிவில் இறங்குகிறது. ஓடுபாதையின் தொடக்கத்துக்கு 6 கிலோமீட்டர் முன்பாக அது தரையிலிருந்து சுமார் 300 மீட்டர் உயரத்தில் இருக்கும். ஜாம்சில் கோபுரத்தின் உயரத்தில் இது பாதியைச் சற்றே தாண்டும். அதாவது வடக்கிலிருந்து வந்து இறங்கும் விமானியின் கண் மட்டத்துக்கு மேலே இன்னும் 250 மீட்டர் கோபுரம் எழுந்து நிற்கிறது.

ஆனால் கோபுரம் இறங்கு பாதையின் நேர் கீழே இல்லை. பக்கவாட்டில் விலகி இருக்கிறது. விமானப் பாதுகாப்பைப் பொறுத்தவரை உயரத்தைவிட இடம் முக்கியம். ஓடுபாதையின் நேர்கோட்டில் நிற்கும் சிறிய தடை, தள்ளி நிற்கும் பெரிய கோபுரத்தைவிடக் கொடியதாகிவிடலாம். இதைத் தென் கொரியா மிகக் கொடூரமான முறையில் கண்டது. 2024 டிசம்பர் 29ஆம் தேதி முவான் விமான நிலையத்தில் சக்கரங்களின்றி வயிற்றால் தரையிறங்கிய ஜேஜு ஏர் விமானம், ஓடுபாதையின் முடிவைத் தாண்டி, வழிகாட்டி ஆண்டெனாக்களைத் தாங்கியிருந்த கான்கிரீட் மேட்டில் மோதி வெடித்தது. விமானத்தில் இருந்த 181 பேரில் 179 பேர் இறந்தனர். சில மீட்டர் உயரமே கொண்டது அந்த மேடு.

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனம் ஒவ்வொரு விமான நிலையத்தைச் சுற்றியும் கற்பனையான பரப்புகளை வரையறுத்திருக்கிறது. ஓடுபாதையின் இரு முனைகளிலிருந்தும் மென்மையான சரிவில் விரிந்து மேலேறும் பரப்பு ஒன்று. பெரிய விமான நிலையங்களைச் சுற்றி 4 கிலோமீட்டர் ஆரத்தில் 45 மீட்டர் உயரத்தில் கூரைபோல் படர்ந்திருக்கும் பரப்பு இன்னொன்று. அதன் விளிம்பிலிருந்து கூம்பாக மேலும் 100 மீட்டர் உயரும் பரப்பு வேறொன்று. கட்டடங்கள் இவற்றைத் துளைக்கக் கூடாது என்பது பொது விதி.

இந்த விதிக்கு ஒரு கதவும் வைக்கப்பட்டிருக்கிறது. இப்பரப்புகளில் சிலவற்றைத் துளைக்கும் கட்டடத்தால் பாதுகாப்புக்குக் குந்தகம் ஏற்படாது என்று விமானவியல் ஆய்வு ஒன்று காட்டினால், உரிய அதிகாரிகள் அதை அனுமதிக்கலாம். உலகின் பல நகரங்களில் நடக்கும் உயரச் சண்டைகள் எல்லாம் இந்தக் கதவின் முன்னால் நடப்பவையே. ஆய்வை யார் கேட்பது, யார் நடத்துவது, எந்தக் கேள்வியை முன்வைத்து நடத்துவது என்பதில்தான் விடையின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது.

ஜாம்சில் விவகாரத்தில் இன்னொரு சிக்கலும் இருந்தது. கோபுரத்துக்கான நிலம், கொரிய ராணுவத் தளப் பாதுகாப்புச் சட்டம் விதித்த உயரக் கட்டுப்பாட்டு வலயத்துக்குச் சற்று வெளியே அமைந்திருந்தது. எனவே சட்டப்படி எந்தத் தடையும் இல்லை என்றது லோட்டே தரப்பு. விமானப்படையின் வாதம் வேறு. வரைபடத்தில் வலயத்தின் கோடு எங்கே முடிகிறது என்பதல்ல, விமானங்கள் உண்மையில் எங்கே பறக்கின்றன என்பதே கேள்வி என்றது அது. பனிமூட்டத்தில் கருவிகளை மட்டுமே நம்பி இறங்கும் விமானம் பாதையிலிருந்து விலகலாம். இறங்குவதைக் கைவிட்டு மீண்டும் மேலெழ நேரலாம். இயந்திரம் ஒன்று பழுதாகி, நினைத்த திசையில் திரும்ப முடியாமல் போகலாம். இடப்பரிச்சயம் இல்லாத வெளிநாட்டு விமானி வரலாம். இந்த நேரங்களில் தேவைப்படும் வெற்றிடத்தைத்தான் கோபுரம் எடுத்துக்கொள்கிறது என்பது விமானப்படையின் நிலைப்பாடு.

இரண்டு தரப்பும் பொய் சொல்லவில்லை. ஒரு தரப்பு சட்டத்தைப் பற்றிப் பேசியது. மற்றது விபத்தைப் பற்றிப் பேசியது.

இருபது ஆண்டுக் காத்திருப்பு

லோட்டே குழுமத்தின் நிறுவனர் ஷின் கியுக்-ஹோ இளைஞராக ஜப்பானுக்குச் சென்று, அங்கு 1948இல் சூயிங்கம் தயாரிக்கும் நிறுவனமாக லோட்டேவைத் தொடங்கியவர். பின்னர் தாய்நாட்டிலும் தொழிலை விரித்தார். உலகம் வியக்கும் கோபுரம் ஒன்றைச் சோலில் எழுப்ப வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. ஜாம்சிலில் அதற்கான நிலத்தை லோட்டே 1987இல் வாங்கியது. புலம்பெயர்ந்து பொருளீட்டிய ஒருவர் சொந்த மண்ணில் தம் பெயர் சொல்லும்படி ஒன்றை விட்டுச் செல்ல விரும்புவது புலம்பெயர்ந்த சமூகங்களில் வாழ்பவர்களுக்கு விளங்காத உணர்வல்ல.

1990களின் நடுப்பகுதியில் 100 மாடிகளுக்கும் மேற்பட்ட திட்டம் பேசப்பட்டபோதே விமானப்படை ஆட்சேபித்தது. ஒன்றன்பின் ஒன்றாக வந்த அரசுகள் அந்த ஆட்சேபனையை மீறவில்லை. 2006இல் சோல் மாநகர நிர்வாகம் 555 மீட்டர் திட்டத்துக்கு ஆதரவாக முடிவெடுத்தது. அப்போது நகர மேயராக இருந்தவர் லீ மியுங்-பக். பாதுகாப்பு அமைச்சகம் இதை எதிர்த்ததால், அரசுத் துறைகளுக்கு இடையிலான பிணக்குகளைத் தீர்க்கும் குழுவிடம் விவகாரம் சென்றது. அதிபர் ரோ மூ-ஹியூன் ஆட்சியில், 2007 ஜூலையில், அந்தக் குழு விமானப்படையின் பக்கம் நின்றது. கட்டடம் 203 மீட்டரைத் தாண்டக் கூடாது என்பது முடிவு.

203 மீட்டர் என்பதும் பெரிய கட்டடம்தான். ஆனால் உலகக் கோபுரங்களின் பட்டியலில் இடம்பெறக் கூடியதல்ல. லோட்டேயின் கனவு அத்துடன் முடிந்துவிட்டதாகவே அன்று பலர் கருதினர்.

ஓராண்டில் மாறிய விடை

2008 பிப்ரவரியில் லீ மியுங்-பக் நாட்டின் அதிபரானார். அரசியலுக்கு வருமுன் ஹியூண்டாய் கட்டுமான நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் அவர். தொழில் முதலீட்டுக்கான தடைகளை நீக்குவேன் என்பது அவரது தேர்தல் முழக்கங்களில் ஒன்று. அதே ஆண்டு ஏப்ரலில் தொழில்துறையினருடன் நடந்த கூட்டமொன்றில் ஜாம்சில் கோபுர விவகாரம் எழுந்தபோது, காலக்கெடு ஒன்றை வைத்துக்கொண்டு அதைத் தீர்க்கும்படி அவர் பாதுகாப்பு அமைச்சரைப் பணித்தார்.

இந்த உத்தரவின் வடிவம் கவனிக்கத்தக்கது. 'ஆராய்ந்து சொல்லுங்கள்' என்பது ஒன்று. 'இந்தத் தேதிக்குள் தீர்வு காணுங்கள்' என்பது வேறு. இரண்டாவதில் விடை ஏற்கெனவே இருக்கிறது. வழி மட்டுமே தேடப்பட வேண்டும்.

அந்த ஆண்டின் பிற்பகுதியில் விமானப்படைத் தளபதி, பதவிக்காலம் முடியுமுன்னரே மாற்றப்பட்டார். கோபுரத்தை எதிர்த்ததே அதற்குக் காரணம் என்ற குற்றச்சாட்டு கொரிய அரசியலில் பல ஆண்டுகள் ஒலித்தது. அதே காலத்தில் உலக நிதி நெருக்கடி கொரியாவையும் உலுக்கியது. ஆயிரக்கணக்கானோருக்கு வேலை தரக்கூடிய பெரும் கட்டுமானத் திட்டம் ஒன்றை எதிர்ப்பது எந்த அதிகாரிக்கும் எளிதாக இருந்திருக்காது.

2009இன் தொடக்கத்தில் பிரதமர் அலுவலகம் விவகாரத்தை மீண்டும் எடுத்தது. விமானப் பாதுகாப்பு குறித்து வெளியாரிடம் ஆய்வு பெறப்பட்டது. மார்ச் இறுதியில் 555 மீட்டருக்கு ஒப்புதல் கிடைத்தது. கிழக்கு ஓடுபாதையைச் சுமார் 3 பாகை திருப்புவது, தரையிறக்கத்துக்கு வழிகாட்டும் கருவிகளை மேம்படுத்துவது, அதற்கான செலவை லோட்டே ஏற்பது என்பன நிபந்தனைகள். அங்கே நிலைகொண்டிருந்த இலகுரகத் தாக்குதல் விமானப் பிரிவு வோன்ஜு நகரத் தளத்துக்கு மாற்றப்பட்டது. இறுதிக் கட்டட அனுமதி 2010இல் வழங்கப்பட்டது.

ஓடுபாதையை முழுமையாக விலக்க வேண்டுமானால் இதைவிடப் பெரிய கோணம் தேவை என்று விமானப்படையே முன்னர் கூறியிருந்தது. அதற்குப் பெரும் நிலமும் பெரும் பணமும் வேண்டும். 3 பாகை என்பது பாதுகாப்புக்கும் பட்ஜெட்டுக்கும் இடையே பேரம் பேசிக் கண்ட எண்.

மூன்று பாகையால் என்ன கிடைத்தது? எளிய கணக்கு ஒன்று: 6 கிலோமீட்டர் தொலைவில் 3 பாகைத் திருப்பம், இறங்கு பாதையைப் பக்கவாட்டில் சுமார் 300 மீட்டர் நகர்த்தும். இறங்கி வரும் ஜெட் விமானம் ஒன்று ஏறத்தாழ 4 வினாடிகளில் பறக்கும் தூரம் இது. விமானம் பக்கவாட்டில் அந்த வேகத்தில் விலகாது என்பது உண்மை. என்றாலும் எத்தனை பெரிய சர்ச்சை எத்தனை சிறிய இடைவெளியில் வந்து முடிந்தது என்பதை இந்த எண் காட்டுகிறது.

ஆய்வு கேட்ட கேள்வி

ஆய்வு தவறானது என்று சொல்வதற்கு ஆதாரமில்லை. முறைப்படி வகுக்கப்பட்ட பாதையில், கருவிகள் சரியாக இயங்கும் நிலையில், பயிற்சி பெற்ற விமானி ஒருவர் அந்தக் கோபுரத்தைத் தவிர்த்துப் பாதுகாப்பாக இறங்க முடியும் என்பதில் பெரிய ஐயம் எழவில்லை. சர்வதேசத் தரங்களின்படி அப்படியொரு பாதையை வகுக்கவும் முடியும்.

ஆனால் விமானப் பாதுகாப்பு என்பது எல்லாம் சரியாக நடக்கும் நாளுக்காகக் கட்டப்பட்டதல்ல. அதன் முழு ஏற்பாடும் இரண்டு மூன்று தவறுகள் ஒன்றாகச் சேரும் நாளுக்கானது. வானிலை மோசமாகி, கருவி ஒன்று செயலிழந்து, கட்டுப்பாட்டு அறையின் குரல் சரியாகக் கேட்காமல் போகும் நேரத்தில் விமானியைக் காப்பாற்றுவது சுற்றிலும் உள்ள வெற்றிடம் மட்டுமே. அந்த வெற்றிடத்துக்குச் சந்தை விலை இல்லை. ஜாம்சில் நிலத்துக்கு உண்டு. விலையுள்ளதும் விலையில்லாததும் ஒரே மேசையில் வைக்கப்படும்போது எது தோற்கும் என்பதை ஊகிக்கப் பெரிய அரசியல் அறிவு தேவையில்லை.

கோபுரத்தை ஆதரித்தவர்களுக்கும் வலுவான வாதம் இருந்தது. ஆண்டில் பெரும்பாலான நாட்கள் அமைதியாகக் கிடக்கும் ராணுவத் தளம் ஒன்றுக்காக, ஒரு கோடி மக்கள் வாழும் நகரின் வளர்ச்சியை எத்தனை காலம் கட்டிவைப்பது என்று அவர்கள் கேட்டார்கள். நவீன வழிகாட்டிக் கருவிகள் வந்துவிட்ட காலத்தில் பழைய அச்சங்களைப் பிடித்துக்கொண்டிருப்பதாக விமானப்படையைக் குறை கூறினார்கள். ராணுவ ஆட்சிகளின் நினைவு இன்னும் அழியாத நாட்டில், சீருடை அணிந்தவர்கள் 'பாதுகாப்பு' என்று சொன்னாலே சந்தேகிக்கும் பழக்கமும் உண்டு. அந்தச் சந்தேகம் முற்றிலும் நியாயமற்றதும் அல்ல.

ஆயினும் இங்கே விமானப்படையின் ஆட்சேபனை விவாதத்தில் தோற்கடிக்கப்படவில்லை. அது திரும்பப் பெறப்பட்டது. தொழில்நுட்பக் கருத்து ஒன்று புதிய தரவுகளால் மாறினால் அதை அறிவியல் என்று ஏற்கலாம். ஆட்சி மாறியதும் மாறினால், முதலில் சொன்னதும் அரசியலோ, பின்னர் சொன்னதும் அரசியலோ என்ற ஐயம் மிஞ்சும். சோலில் அது இரண்டையும் சேர்த்தே பாதித்தது.

சான் டியேகோவில் 6 மீட்டர்

ஏறத்தாழ இதே காலத்தில் அமெரிக்காவில் நடந்த சிறிய விவகாரம் ஒன்று ஒப்பிடத்தக்கது. கலிஃபோர்னியாவின் சான் டியேகோ நகரில் மொன்ட்கொமரி ஃபீல்ட் என்ற சிறு விமான நிலையத்துக்கு அருகில் 180 அடி உயரத்தில் 12 மாடி அலுவலகக் கட்டடம் எழுந்தது. 160 அடிக்கு மேல் போனால் அது வான் போக்குவரத்துக்கு ஆபத்து என்று கூட்டரசு விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2006இல் அறிவித்தது.

ஆச்சரியம் என்னவென்றால், அப்படி அறிவிக்க மட்டுமே அந்த நிர்வாகத்துக்கு அதிகாரம் உண்டு. கட்டுவதைத் தடுக்கும் அதிகாரம் இல்லை. நிலப் பயன்பாடு என்பது மாநிலமும் நகரமும் சார்ந்தது. கட்டுமானம் தொடர்ந்தது. நகரின் சட்ட அதிகாரி வழக்குத் தொடுத்தார். விமானிகள் குரலெழுப்பினர். நகர நிர்வாகத்தின் பங்கு குறித்துக் கேள்விகள் எழுந்தன. கடைசியில் 2007இல் கட்டட நிறுவனம் பணிந்தது. எழுப்பியதில் 20 அடி, அதாவது சுமார் 6 மீட்டர், இடித்து அகற்றப்பட்டது.

சான் டியேகோவில் ஆபத்து என்று சொன்ன அமைப்புக்குத் தடுக்கும் அதிகாரம் இல்லை. ஆனால் சொன்னதை மாற்றிக்கொள்ளும் நெருக்கடியும் அதன்மீது இறங்கவில்லை. சோலில் ஆபத்து என்று சொன்ன அமைப்பு அரசின் நேரடிக் கட்டளைக்கு உட்பட்டது. மதிப்பீட்டைச் செய்பவர் யாருடைய கீழ் வேலை செய்கிறார் என்பது, அவர் கையில் இருக்கும் அளவுகோலைப் போலவே முக்கியம் என்பதை இந்த இரண்டு நகரங்களும் காட்டுகின்றன.

இந்தியாவிலும் இதே கேள்வி அண்மையில் கூர்மையடைந்தது. 2025 ஜூன் 12ஆம் தேதி அகமதாபாத்தில் புறப்பட்ட சில வினாடிகளில் ஏர் இந்தியா விமானம் மருத்துவக் கல்லூரி விடுதிக் கட்டடத்தின்மீது விழுந்து, தரையில் இருந்தவர்கள் உட்பட 260 பேர் இறந்தனர். அந்த விபத்துக்குக் கட்டடம் காரணமல்ல. ஆனால் விமான நிலையத்தைச் சுற்றி நெருங்கி நிற்கும் கட்டடங்கள் பொதுமக்கள் கவனத்துக்கு வந்தன. விபத்து நடந்த ஒரு வாரத்துக்குள், உயர விதிகளை மீறிய கட்டடங்களை அகற்றுவதற்கான வரைவு விதிகளை இந்திய அரசு வெளியிட்டது.

பனிமூட்டத்தில் ஒரு காலை

ஜாம்சில் கோபுரம் பாதி உயர்ந்துகொண்டிருந்த வேளையில், 2013 நவம்பர் 16ஆம் தேதி சனிக்கிழமை காலை, சோலின் சம்சொங் பகுதியில் ஒரு ஹெலிகாப்டர் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் மோதி விழுந்தது. பெரு நிறுவனம் ஒன்றுக்குச் சொந்தமான அந்த ஹெலிகாப்டர், ஜாம்சிலில் ஆற்றங்கரை இறங்குதளத்தில் பயணிகளை ஏற்றிக்கொள்ளச் சென்றுகொண்டிருந்தது. கடும் பனிமூட்டம். விமானிகள் இருவரும் உயிரிழந்தனர். குடியிருந்தவர்கள் தப்பியது அதிர்ஷ்டம்.

அந்தக் கட்டடம் எல்லா விதிகளுக்கும் உட்பட்டே கட்டப்பட்டது. அதற்கும் சோல் விமானத் தளத்துக்கும் தொடர்பில்லை. ஆனால் வகுக்கப்பட்ட பாதையிலிருந்து விலகாமல் பறந்தால் ஆபத்தில்லை என்ற வாதத்தின் எல்லை எங்கே என்பதை அந்தக் காலை காட்டியது. அனுபவம் மிக்க விமானிகளும் பாதையிலிருந்து விலகுவார்கள். நகரத்தின் மீது பறக்கும்போது அந்த விலகலுக்கு மன்னிப்புக் கிடைப்பதில்லை.

ஜாம்சில் கோபுரத்தின் அனுமதியை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று எதிர்க்கட்சியினரும் ஆளுங்கட்சியிலேயே சிலரும் அப்போது குரலெழுப்பினர். சில வாரங்கள் விவாதம் சூடாக நடந்தது. கட்டுமானம் நிற்கவில்லை. அத்தனை பெரிய கட்டடம் ஒரு கட்டத்துக்கு மேல் உயர்ந்துவிட்டால், பாதுகாப்பு குறித்த எந்தப் புதிய தகவலும் அதன் உயரத்தை மாற்றுவது நடைமுறையில் இயலாது. ஆகவேதான் இத்தகைய மதிப்பீடுகள் அடிக்கல்லுக்கு முன்னர் நடக்க வேண்டியிருக்கிறது.

விபத்து நடக்கவில்லை என்பது

கோபுரம் திறக்கப்பட்ட பின்னர் எந்த விமானமும் அதில் மோதவில்லை. அதிபர்களின் விமானங்கள் வந்து போகின்றன. ஆகவே அச்சங்கள் மிகைப்படுத்தப்பட்டவை என்று லோட்டேயின் ஆதரவாளர்கள் வாதிட முடியும்.

ஆனால் இந்த வாதம் தோன்றும் அளவுக்கு வலுவானதல்ல. கருவிகளின் துணையுடன் நடக்கும் தரையிறக்கங்களில், தடை ஒன்றின்மீது மோதும் வாய்ப்பு ஒரு கோடிக்கு ஒன்றைத் தாண்டக் கூடாது என்பது சர்வதேச இலக்கு. அவ்வளவு அரிதான நிகழ்வு, போக்குவரத்துக் குறைந்த ஒரு ராணுவத் தளத்தில் சில ஆண்டுகள் நடக்கவில்லை என்பது எதையும் நிரூபிக்காது. வாய்ப்பு ஒரு கோடிக்கு ஒன்றா, பத்து லட்சத்துக்கு ஒன்றா என்பதை இத்தனை குறுகிய அனுபவத்தைக் கொண்டு பிரித்தறிய முடியாது. முவான் நிலையத்தின் கான்கிரீட் மேடும், பேரழிவின் காரணமாகும் அந்த ஒரு காலைவரை, எந்த விமானத்தையும் எதுவும் செய்யாமலே நின்றிருந்தது.

கோபுரம் இடிந்து விழும் ஆபத்தில் இருக்கிறது என்றோ, சோலுக்கு வரும் தலைவர்களின் உயிர் ஊசலாடுகிறது என்றோ இதற்குப் பொருளல்ல. அன்றாடப் பறப்புக்கு அது தடையில்லை என்பதே நியாயமான கணிப்பு. நெருக்கடி நேரத்தில் அந்தத் தளத்துக்கு முன்பிருந்த சுதந்திரம் இப்போது இல்லை என்பதும் அதே அளவுக்கு நியாயமான கணிப்பு. போர்க்காலத்தில் முன்னறிவிப்பின்றி, கருவிகள் சேதமுற்ற நிலையில், இரவில் வந்திறங்கும் சரக்கு விமானங்களுக்கு வடக்கு வானில் ஒரு புதிய மலை முளைத்திருக்கிறது. இதற்கு ஈடாக நாடு என்ன பெற்றது என்ற கணக்கை அன்றைய அரசு மக்கள் முன் வெளிப்படையாக வைத்திருந்தால், இன்று இத்தனை கசப்பு எஞ்சியிருக்காது.

அடுத்த கோபுரம்

2013இல் ஹெலிகாப்டர் விழுந்த அதே சம்சொங் பகுதியில், ஜாம்சில் கோபுரத்தையும் விஞ்சும் உயரத்தில் 105 மாடிகள் கொண்ட தலைமையகத்தைக் கட்ட ஹியூண்டாய் மோட்டார் குழுமம் திட்டமிட்டது. உத்தேச உயரம் 569 மீட்டர். இம்முறை பாதுகாப்பு அமைச்சகத்தின் கவலை, ராணுவ ரேடாரின் பார்வையைக் கட்டடம் மறைக்கும் என்பது. ஓடுபாதையைத் திருப்பும் பேச்சு எழவில்லை; மறைவதை ஈடுகட்டப் புதிய ரேடாருக்கான செலவை நிறுவனம் ஏற்பது என்ற வழியில் உடன்பாடு காணப்பட்டது. ஜாம்சிலில் தொடங்கிய வழக்கம் இங்கே முறையாகிவிட்டது. பாதுகாப்புத் துறை ஆட்சேபிக்கும், நிறுவனம் கருவி வாங்கித் தரும், ஆட்சேபனை நீங்கும்.

2020இல் பணிகள் தொடங்கின. ஆனால் 2024இல் ஹியூண்டாய் குழுமம் திட்டத்தை மாற்றி, ஒற்றைக் கோபுரத்துக்குப் பதிலாக 55 மாடிகள் கொண்ட இரண்டு கட்டடங்களை முன்மொழிந்தது. உயர்ந்துவிட்ட கட்டுமானச் செலவே அதற்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. விமானப்படையின் ஆட்சேபனையால் குறையாத உயரம் செலவுக் கணக்கால் பாதியாகக் குறைந்தது. உயரம் குறைந்த பின்னர் ரேடாருக்கான பணத்தை நிறுவனம் தர வேண்டுமா என்ற கேள்வியும் அத்துடன் எழுந்தது.